ஒரு பெட்டி, நான்கு வெல்டிங்: வீட்டு கராஜுக்கு வந்த மெஷினின் வரலாறு

அமெரிக்காவில் வீட்டோடு ஒட்டிய கார் கொட்டகையை கராஜ் என்பார்கள். பெயருக்குத்தான் அது கார் நிறுத்தும் இடம். பல வீடுகளில் கார் வெளியே வெயிலில் நிற்கும். உள்ளே மேசை, வைஸ், கிரைண்டர், டிரில்லிங் மெஷின் என்று ஒரு குட்டிப் பட்டறையே இருக்கும். வார இறுதியில் டிரெய்லர் செய்வது, பழைய காருக்குத் தகடு வைத்து ஒட்டுவது, வேலிக் கதவைச் சரி செய்வது எல்லாம் அங்கேதான் நடக்கும்.

அந்தப் பட்டறைக்கு ஒரு வெல்டிங் மெஷின் வாங்கலாம் என்று நினைப்பவர் முன்னால் இன்று ஒரு பெட்டி வந்து நிற்கிறது. எடை 20 கிலோ கூட இல்லை. ஒரே கையில் தூக்கலாம். முகப்பில் ஒரு சின்னத் திரை. அதில் மிக், ஃப்ளக்ஸ் கோர், ஸ்டிக், டிக் என்று நான்கு வகை. எது வேண்டுமோ அதைத் தேர்ந்தெடுத்துக் கொள்ளலாம். இதைத்தான் மல்டி பிராசஸ் வெல்டர் என்கிறார்கள்.

நம் ஊர்ப் பட்டறைகளிலும் இந்த நான்கும் உண்டு, பெயர்தான் வேறு. டிக் என்பது இங்கே ஆர்கான் வெல்டிங். மிக் என்பது சி.ஓ.டூ வெல்டிங். ஸ்டிக் என்றால் சாதாரண ராடு வெல்டிங். நம் பட்டறைக்காரர்கள் இவற்றுக்குத் தனித்தனி மெஷின்தான் வைத்திருப்பது வழக்கம். அப்படி இருக்க, நான்கையும் ஒரே பெட்டியில் போட்டுத் தருகிறேன் என்று ஒரு நிறுவனம் சொன்னால், அதை நம்பிப் பணம் போடலாமா? இது ஏதோ விளையாட்டுச் சாமான் வாங்கும் கேள்வி அல்ல. அந்த மெஷினால் ஒட்டிய டிரெய்லர் நாளை நெடுஞ்சாலையில் 100 கிலோமீட்டர் வேகத்தில் ஓடப்போகிறது. பின்னால் வரும் காரில் ஒரு குடும்பம் இருக்கும்.

இந்தக் கேள்விக்குப் பதில் விளம்பரத் தாளில் இல்லை, வரலாற்றில் இருக்கிறது. ஏனென்றால் அந்த நான்கு வகைகளும் நான்கு வெவ்வேறு காலத்தில், நான்கு வெவ்வேறு சிக்கலைத் தீர்க்கப் பிறந்தவை.

கரியில் தொடங்கிய கதை

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரஷ்யாவில் வாசிலி பெட்ரோவும் இங்கிலாந்தில் ஹம்ஃப்ரி டேவியும் இரண்டு கரித்துண்டுகளுக்கு நடுவே மின்சாரம் தாவுவதைக் கண்டார்கள். கண்ணைப் பறிக்கும் வெளிச்சம், இரும்பையே உருக்கும் வெப்பம். ஆனால் அதைத் தொடர்ந்து எரிய வைக்கும் அளவு மின்சாரம் அன்று பேட்டரியிலிருந்து கிடைக்கவில்லை. டைனமோ வரும் வரை அது அறிவியல் கூடத்து வேடிக்கையாகவே இருந்தது.

1881ல் பிரான்சில் அகஸ்ட் தெ மெரிட்டான்ஸ் என்பவர் பேட்டரிக்கான ஈயத் தகடுகளை இந்த மின்வில்லால் ஒட்டினார். அதே காலத்தில் ரஷ்யப் பேரரசைச் சேர்ந்த நிக்கோலாய் பெனார்டோஸ், ஸ்டானிஸ்லாவ் ஓல்ஷெவ்ஸ்கி ஆகிய இருவரும் கரிக்குச்சியை ஒரு கைப்பிடியில் பொருத்தி இரும்பை ஒட்டும் முறையை உருவாக்கினார்கள். 1885ல் பிரிட்டனிலும் 1887ல் அமெரிக்காவிலும் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. இன்று வெல்டர் கையில் இருக்கும் ஹோல்டருக்கு இதுவே மூதாதை.

அடுத்து வந்தவர் நிக்கோலாய் ஸ்லாவ்யானோவ். பெர்ம் நகரின் பீரங்கித் தொழிற்சாலையில் வேலை பார்த்த பொறியாளர். கரி வெறும் வெப்பத்தைத்தான் தருகிறது, ஒட்டுவதற்கு வேறு கம்பியை உருக்கி ஊற்ற வேண்டியிருக்கிறது. கரிக்குப் பதில் அந்தக் கம்பியையே வைத்தால் என்ன என்று யோசித்தார். 1888ல் உருகும் உலோகக் கம்பியைக் கொண்டு வெல்டிங் செய்து காட்டினார். அமெரிக்காவில் சி. எல். காஃபின் என்பவர் 1890ல் இதே கருத்துக்குக் காப்புரிமை பெற்றார்.

முறை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஒட்டிய இடம் கண்ணாடி போல் உடைந்தது! காரணம், காற்று. உருகிய இரும்பு காற்றில் உள்ள ஆக்சிஜனையும் நைட்ரஜனையும் உறிஞ்சிக்கொண்டு நொறுங்கும் தன்மையை அடைந்தது. வெல்டிங்கின் பிறகு வந்த வரலாறு முழுவதையும் ஒரே வரியில் சொல்வதென்றால், காற்றை விரட்டுவதற்கு மனிதன் கண்டுபிடித்த வழிகளின் வரலாறு என்று சொல்லலாம்.

ராடுக்குச் சட்டை போட்டவர்

முதல் வழியைக் கண்டவர் சுவீடனின் ஆஸ்கார் ஷெல்பெரி. கப்பல்களின் கொதிகலனில் ஏற்படும் கசிவைச் சரி செய்வதுதான் அவர் தொழில். வெறும் இரும்புக் கம்பியை கார்பனேட், சிலிக்கேட் கலந்த குழம்பில் தோய்த்துக் காய வைத்தார். பற்றவைக்கும்போது அந்தப் பூச்சு எரிந்து புகையாகி உருகிய இரும்பைச் சுற்றி நின்றது. மிச்சம் ஸ்லாக் ஆகி மேலே மூடிக்கொண்டது. காற்று உள்ளே நுழைய வழியில்லை. 1904ல் அவர் கோதன்பர்க் நகரில் தொடங்கிய நிறுவனம்தான் ஈசாப். இன்று கராஜ்காரர்கள் விலை விசாரிக்கும் மல்டி பிராசஸ் மெஷின்களில் ஒன்று அதே நிறுவனத்துடையது என்பது குறிப்பிடத்தக்கது.

வெல்டிங்கை உலகம் நம்பத் தொடங்கியது முதல் உலகப் போரில். 1917 ஏப்ரலில் அமெரிக்கா போரில் இறங்கியபோது அதன் துறைமுகங்களில் முடங்கிக் கிடந்த ஜெர்மன் கப்பல்கள் கைப்பற்றப்பட்டன. ஆனால் ஜெர்மன் மாலுமிகள் போகும் முன் எஞ்சின்களின் வார்ப்பிரும்பு சிலிண்டர்களை உடைத்துப் போட்டிருந்தார்கள். புதிதாக வார்த்து மாட்டுவதென்றால் பல மாதங்கள் ஆகும். உடைந்த சிலிண்டர்களில் பலவற்றை மின்சார வெல்டிங்கால் ஒட்டியே சரி செய்தார்கள். அந்தக் கப்பல்களே பிறகு அமெரிக்கப் படைகளை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோயின. 1919ல் அமெரிக்க வெல்டிங் சங்கம் தொடங்கப்பட்டது. 1920ல் ஆணியே அடிக்காமல் முழுக்க வெல்டிங்கால் கட்டிய முதல் கடல் கப்பலான ஃபுல்லாகர் இங்கிலாந்தின் பர்க்கன்ஹெட்டில் நீரில் இறங்கியது.

கிராமத்து மின்கம்பிக்கு ஏற்ற மெஷின்

இதெல்லாம் தொழிற்சாலைக் கதை. வீட்டுக்கு எப்படி வந்தது?

1929ல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் நீல்ஸ் மில்லர் என்பவர் ஒன்றைக் கவனித்தார். பெரிய வெல்டிங் மெஷின்களுக்கு வேண்டிய மின்சாரம் கிராமத்து லைனில் கிடையாது. அந்த லைனிலேயே ஓடக்கூடிய சின்ன, விலை குறைந்த மெஷின் இருந்தால் விவசாயியும் வாங்குவான் அல்லவா? அப்படித்தான் மில்லர் எலக்ட்ரிக் நிறுவனம் பிறந்தது. ஓஹையோ மாநிலத்தின் கிளீவ்லாந்தில் 1895ல் ஜான் லிங்கன் தொடங்கிய லிங்கன் எலக்ட்ரிக் நிறுவனமும் இந்தச் சந்தையில் இறங்கியது. அதன் 225 ஆம்பியர் ஏ.சி. மெஷினுக்கு மக்கள் வைத்த பட்டப்பெயர் கல்லறைக் கல்! மேலே வளைந்த அதன் பெட்டி அப்படித்தான் தெரியும்.

அந்த மெஷினுக்குள் என்ன இருக்கிறது? ஒரு டிரான்ஸ்ஃபார்மர், ஒரு ஸ்விட்ச், ஒரு ஃபேன். அவ்வளவுதான். எடை 50 கிலோவை ஒட்டி வரும். கெட்டுப்போக அதில் ஒன்றுமில்லை. தாத்தா வாங்கியதைப் பேரன் பயன்படுத்துவது அங்கே சாதாரணம். மல்டி பிராசஸ் பெட்டியை எடை போடுகிறவர் இந்தக் கிழட்டு மெஷினை மறந்துவிடக் கூடாது. பின்னால் இதற்கு வேலை இருக்கிறது.

இரண்டாக உடைந்த கப்பல்

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் நீர்மூழ்கிகள் மூழ்கடித்ததை விட வேகமாகக் கப்பல் கட்ட வேண்டிய கட்டாயம் அமெரிக்காவுக்கு. ஆணி அடித்துக் கட்டினால் ஆகாது என்று வெல்டிங்குக்கு மாறினார்கள். லிபர்ட்டி கப்பல்கள் என்ற பெயரில் 2,700க்கும் மேற்பட்டவை கட்டப்பட்டன. 1942 நவம்பரில் ராபர்ட் இ. பியரி என்ற கப்பலை ஐந்து நாளுக்குள் கட்டி நீரில் இறக்கினார்கள்! இதற்கு முன் வெல்டிங் ஹோல்டரைத் தொட்டே பார்க்காத ஆயிரக்கணக்கான பெண்களும் ஆண்களும் சில வாரப் பயிற்சியில் வெல்டர் ஆனார்கள்.

1943 ஜனவரி 16 இரவு. ஓரிகான் மாநிலம் போர்ட்லாந்தில் ஸ்கெனெக்டடி என்ற புத்தம்புது எண்ணெய்க் கப்பல் சோதனை ஓட்டம் முடித்துத் துறையில் அமைதியாகக் கட்டப்பட்டிருந்தது. புயல் இல்லை, எதிரி இல்லை. பெரும் சத்தத்தோடு கப்பல் நடுவில் பிளந்தது. லிபர்ட்டி கப்பல்கள் பலவற்றிலும் இதே போல் விரிசல்கள்.

வெல்டர்கள்தான் காரணம் என்று முதலில் எல்லோரும் கை காட்டினார்கள். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கான்ஸ்டன்ஸ் டிப்பர் என்ற பெண் ஆய்வாளர் உண்மையான காரணத்தைக் காட்டினார். அந்தக் காலத்து எஃகு, குளிர் ஒரு அளவுக்குக் கீழே போனால் வளையாமல் நொறுங்கும் குணம் கொண்டது. சரக்கு அறை வாயிலின் கூரான மூலைகளில் விசை குவிந்து விரிசல் தொடங்கும். ஆணி அடித்த கப்பலாக இருந்தால் ஒரு தகட்டில் தொடங்கிய விரிசல் அதன் ஓரத்தோடு நின்றுவிடும். வெல்டிங் செய்த கப்பலோ ஒரே துண்டு. விரிசல் தகடு விட்டுத் தகடு தாவி, கப்பலையே சுற்றி வந்துவிட்டது.

கராஜில் டிரெய்லர் செய்பவருக்கு இதில் பாடம் இருக்கிறது. ஒட்டியது பிடித்திருக்கிறதா என்பதோடு வேலை முடியவில்லை. எந்த எஃகு, எந்த மூலை, எவ்வளவு பாரம் என்ற கேள்விகளும் சேர்ந்துதான் வெல்டிங். எந்தப் பெட்டியின் திரையும் இதைச் சொல்லித் தராது.

விமானம் தந்த டிக், செலவு தந்த மிக்

அதே போர்க்காலத்தில் கலிஃபோர்னியாவில் நார்த்ராப் விமான நிறுவனம் மக்னீசியத்தால் விமானம் கட்ட நினைத்தது. மக்னீசியம் எடை குறைவு; ஆனால் தீப்பிடித்துக்கொள்ளும். பூச்சு போட்ட ராடு அங்கே உதவாது. அங்கே வேலை பார்த்த ரஸ்ஸல் மெரிடித் 1941ல் காற்றை விரட்ட இரண்டாவது வழியைச் செயலுக்குக் கொண்டுவந்தார். 3,400 டிகிரி செல்சியஸைத் தாண்டினால்தான் உருகும் டங்ஸ்டன் ஊசியை ஹோல்டரில் வைத்து, அதைச் சுற்றி ஹீலியம் வாயுவைப் பாய்ச்சினார். ஹீலியம் எதோடும் சேராது. எனவே புகையில்லை, ஸ்லாக் இல்லை. பெயர் ஹீலியார்க். பிறகு ஹீலியத்தின் இடத்தை ஆர்கான் பிடித்தது. இதுதான் டிக்.

அலுமினியத்துக்கு இன்னொரு சிக்கல். அலுமினியம் 660 டிகிரியில் உருகும். அதன் மேல் படிந்திருக்கும் ஆக்சைடுத் தோலோ 2,000 டிகிரியைத் தாண்டினால்தான் உருகும். உள்ளே கஞ்சி போல் உருகி ஓடும்போதும் மேலே தோல் அப்படியே இருக்கும். ஏ.சி. மின்சாரம் கொடுத்தால் பாதி நேரம் மின்னோட்டம் திசை மாறி அந்தத் தோலை உடைக்கிறது, மீதி நேரம் உருக்குகிறது. ஆகவே டிக் முறையில் அலுமினியம் ஒட்ட ஏ.சி. வேண்டும் என்பதுதான் பொது விதி. மல்டி பிராசஸ் வாங்குகிறவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இதுதான். அது பின்னால் வருகிறது.

டிக் அழகாக ஒட்டும், ஆனால் மெதுவாக. தடித்த அலுமினியத்தை வேகமாக ஒட்ட ஒரு வழி தேவைப்பட்டது. 1948ல் ஏர் ரிடக்‌ஷன் நிறுவனத்துக்காக பட்டெல் ஆய்வு நிலையம் ஒன்றை உருவாக்கியது. டங்ஸ்டன் ஊசிக்குப் பதில், சுருளிலிருந்து தானாக வந்துகொண்டே இருக்கும் மெல்லிய கம்பி, சுற்றிலும் வாயு. இதுதான் மிக். வாயுவின் விலை அதிகம் என்பதால் சாதாரண எஃகுக்கு இது கட்டுப்படியாகவில்லை. 1953ல் சோவியத் ஒன்றியத்தின் லுபாவ்ஸ்கி, நோவோஷிலோவ் இருவரும் மலிவான கார்பன் டை ஆக்சைடே எஃகுக்குப் போதும் என்று காட்டினார்கள். நம் ஊர்ப் பெயரான சி.ஓ.டூ வெல்டிங்கின் பிறப்பு அங்கேதான். 1950களின் கடைசியில் மெல்லிய கம்பியைக் குறைந்த வோல்ட்டில் தொட்டுத் தொட்டு உருக்கும் ஷார்ட் ஆர்க் முறை வந்தது. மெல்லிய தகட்டை ஓட்டை விழாமல் ஒட்ட முடிந்தது. 1980களில் கார்களில் மெல்லிய உறுதி எஃகு புழக்கத்துக்கு வந்தபோது, கேஸ் வெல்டிங்கின் வெப்பம் அந்த எஃகைக் கெடுத்ததால், கார் பாடி பட்டறைகள் மிக் பக்கம் போயின. அங்கிருந்து அது கராஜுக்குள் நுழைந்தது.

நான்காவது வகை ஃப்ளக்ஸ் கோர். ராடுக்கு வெளியே இருந்த பூச்சை, குழாய் போன்ற கம்பிக்குள் அடைத்துவிட்டார்கள். 1950களின் கண்டுபிடிப்பு. வாயுவே தேவைப்படாத வகையும் இதில் உண்டு. வெளியில் காற்றடித்தாலும் ஒட்டலாம். ஆனால் புகையும் பொறியும் அதிகம்.

அப்போதே ஏன் ஒரே பெட்டியில் போடவில்லை?

1960களிலேயே நான்கு முறைகளும் இருந்தன. ஆனால் கையில் தூக்கும் பெட்டி வர இன்னும் அரை நூற்றாண்டு ஆனது. இதற்கு இரண்டு காரணங்கள்.

முதல் காரணம், மின்சாரத்தின் குணம். ராடு வெல்டிங்கிலும் டிக்கிலும் கை கொஞ்சம் ஆடும். ராடு விலகினால் வோல்ட் ஏறும், நெருங்கினால் இறங்கும். அப்போதும் ஆம்பியர் மாறாமல் இருந்தால்தான் வெல்டிங் சீராக இருக்கும். மிக்கில் இதற்கு நேர் எதிர். கம்பி ஒரே வேகத்தில் வந்துகொண்டிருக்கும். கம்பி நெருங்கிவிட்டால் ஆம்பியர் சட்டென்று ஏறி அதை வேகமாக உருக்க வேண்டும், விலகினால் குறைய வேண்டும். அதற்கு வோல்ட் மாறாமல் இருக்க வேண்டும். ஒன்றுக்கு மாறாத ஆம்பியர், மற்றதற்கு மாறாத வோல்ட். இரண்டையும் ஒரே இரும்பு டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து எடுக்க வேண்டுமானால் மெஷின் பெரிதாகும், விலையும் ஏறும். தொழிற்சாலைகளில் அப்படிப்பட்டவை இருந்தன, வீட்டுக்கு ஒத்துவராது.

இரண்டாவது காரணம், எடை. அமெரிக்க மின்சாரம் விநாடிக்கு 120 முறை திசை மாறுவது. அந்த வேகத்துக்கு டிரான்ஸ்ஃபார்மரின் இரும்பு பெரிதாகத்தான் இருக்க வேண்டும். விநாடிக்குப் பல்லாயிரம் முறை மாற்ற முடிந்தால் டிரான்ஸ்ஃபார்மர் கையடக்கமாகிவிடும். ஆனால் நூற்றுக்கணக்கான ஆம்பியரை அவ்வளவு வேகமாக அணைத்து எரிக்கும் ஸ்விட்ச் எங்கே இருக்கிறது?

1977ல் பின்லாந்தின் கெம்ப்பி நிறுவனம் ஹிலார்க் என்ற இன்வெர்ட்டர் வெல்டிங் மெஷினைக் கொண்டுவந்து வழி காட்டியது. அடுத்த பெரிய படி 1980களின் தொடக்கத்தில். நியூயார்க் மாநிலத்தின் ஸ்கெனெக்டடி பகுதியில் ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வுக்கூடத்தில் ஐ.ஜி.பி.டி. என்ற அரைக்கடத்தி ஸ்விட்ச் உருவானது. அதை உருவாக்கியவர் பி. ஜெயந்த் பாலிகா. 1948ல் சென்னையில் பிறந்து, 1969ல் சென்னை ஐ.ஐ.டி.யில் பட்டம் பெற்றவர்! 2024ல் பின்லாந்தின் மில்லேனியம் தொழில்நுட்பப் பரிசு அவருக்குத் தரப்பட்டது. இன்று மின்சாரக் கார், மெட்ரோ ரயில், இன்வெர்ட்டர் ஏ.சி. என்று எங்கும் இருக்கும் அந்த ஸ்விட்ச்தான் பல வெல்டிங் பெட்டிகளுக்குள்ளும் இருக்கிறது. 1943ல் பிளந்த கப்பலின் பெயரும் ஸ்கெனெக்டடி, வெல்டிங்கைக் கைக்கு அடக்கிய ஸ்விட்ச் பிறந்த ஊரும் ஸ்கெனெக்டடி. வரலாற்றில் இப்படியும் ஒரு பொருத்தம்.

ஸ்விட்சின் வேகம் கைக்கு வந்ததும் முதல் சிக்கலும் தீர்ந்தது. மாறாத ஆம்பியரா, மாறாத வோல்ட்டா என்பதை இனி இரும்பு முடிவு செய்ய வேண்டியதில்லை. உள்ளே இருக்கும் கணினிச் சில்லு முடிவு செய்யும். 2010களில் ஈசாப் ரெபெல், மில்லர் மல்டிமேட்டிக், லிங்கன் பவர் மிக் எம்.பி. என்று வரிசையாகக் கராஜ் அளவுப் பெட்டிகள் வந்தன. ரெபெல் வந்தது 2015ல்.

இப்போது எடை போடலாம்

முதலில் நல்லவை. இடம் மிச்சம். 120 வோல்ட், 240 வோல்ட் இரண்டிலும் ஓடும் வகை கிடைக்கிறது. தடித்த இரும்புக்கு ராடு, தகட்டுக்கு மிக், நுணுக்கமான வேலைக்கு டிக் என்று மாறிக்கொள்ளலாம். எது தனக்கு வரும் என்று தெரியாத புதியவருக்கு இது பெரிய வசதி.

இனி விளம்பரம் மெல்லிய எழுத்தில் சொல்பவை.

ஒன்று, மின்சாரம். அமெரிக்க வீட்டின் சாதாரண பிளக் 120 வோல்ட், அதிகம் போனால் 20 ஆம்பியர். பெருக்கினால் 2,400 வாட். மிக்கில் 90 ஆம்பியர், 18 வோல்ட் என்றால் வில்லுக்கு மட்டும் 1,620 வாட். மெஷினின் இழப்பும் சேர்ந்தால் பிளக்கின் எல்லையை நெருங்கிவிடும். 200 ஆம்பியர் என்று பெட்டியில் எழுதியிருப்பது 240 வோல்ட் லைனுக்குத்தான். அந்த லைன் கராஜில் இல்லாவிட்டால் எலக்ட்ரீஷியன் செலவையும் மெஷின் விலையோடு கூட்டிக்கொள்ள வேண்டும்.

இரண்டு, டியூட்டி சைக்கிள். 200 ஆம்பியரில் 20 சதவீதம் என்றால், 10 நிமிடத்தில் 2 நிமிடம்தான் ஒட்டலாம், 8 நிமிடம் ஆற விட வேண்டும். கராஜ் வேலைக்கு இது பெரும்பாலும் போதும். பட்டறை வைத்துப் பிழைக்க நினைப்பவருக்குப் போதாது.

மூன்று, வாயு. மிக்கில் எஃகு ஒட்ட 75 சதவீத ஆர்கான், 25 சதவீத கார்பன் டை ஆக்சைடு கலவை. டிக்குக்குச் சுத்தமான ஆர்கான். ஆக, பெட்டி ஒன்றானாலும் சிலிண்டர் இரண்டு. அலுமினியத்தை மிக்கில் ஒட்ட ஸ்பூல் கன் தனியாக வாங்க வேண்டும். டிக்குக்கு டார்ச், பெடல் பல சமயம் பெட்டியோடு வருவதில்லை. முறையை மாற்றும்போது கேபிளின் பாசிட்டிவ், நெகட்டிவ் மாற்றிப் போடவும் வேண்டியிருக்கும். மறந்தால் வெல்டிங் பாழ்.

நான்கு, முன்பு சொன்ன ஏ.சி. சங்கதி. விலை குறைந்த மல்டி பிராசஸ் பெட்டிகள் பலவற்றில் டிக் என்று எழுதியிருக்கும்; உள்ளே டி.சி. மட்டும்தான். எஃகும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் ஒட்டும், அலுமினியம் ஒட்டாது. ஏ.சி./டி.சி. என்று எழுதிய வகையில்தான் அது முடியும். விலையும் அதற்கேற்ப ஏறும். அலுமினியப் படகைச் சரி செய்யும் ஆசையில் டி.சி. பெட்டி வாங்கியவர் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியதுதான்.

ஐந்து, ஆயுள். கல்லறைக் கல் மெஷினில் கெட்டுப்போக ஒன்றுமில்லை என்று பார்த்தோம். இன்வெர்ட்டரில் சர்க்யூட் போர்டு இருக்கிறது. கிரைண்டர் தூளும் ஈரமும் அதற்கு எதிரி. உத்தரவாதக் காலம் முடிந்தபின் போர்டு போனால், புது மெஷின் விலையில் பெரும் பங்கு ஆகலாம். நான்கு மெஷினும் ஒரே பெட்டி என்றால், பெட்டி கெட்ட அன்று நான்கும் கெட்டன.

ஆறாவதுதான் முக்கியமானது. மிக் கற்க எளிது. ட்ரிக்கரை அழுத்தினால் கம்பி வரும், ஒரு மணி நேரத்தில் அழகான வரி போடலாம். ஆபத்தும் அங்கேதான். குறைந்த ஆம்பியரில் ஷார்ட் ஆர்க் முறையில் தடித்த இரும்பை ஒட்டினால், மேலே அழகான வரி இருக்கும், அடியில் இரும்போடு சேர்ந்தே இருக்காது. பசை தடவியது போல் மேலே உட்கார்ந்திருக்கும். அமெரிக்க வெல்டிங் சங்கத்தின் டி1.1 எஃகுக் கட்டுமான விதித்தொகுப்பு இந்தக் காரணத்தால்தான் ஷார்ட் ஆர்க் முறையை, சோதனை செய்து காட்டாமல் பயன்படுத்தலாம் என்ற பட்டியலில் சேர்க்கவில்லை. தடிமன் என்ன என்று கேட்டுத் தானே அளவு வைக்கும் திரை நல்ல தொடக்கம்தான். ஆனால் உள்ளே பிடித்ததா என்பது அதற்குத் தெரியாது. அதே போல் ஒரு துண்டை ஒட்டி, வைஸில் வைத்துச் சுத்தியலால் அடித்து வளைத்துப் பார்த்தால்தான் தெரியும். செலவில்லாத இந்தச் சோதனையைச் செய்யாமல் டிரெய்லரைச் சாலைக்குக் கொண்டுபோகக் கூடாது.

மூடிய கதவுக்குள்

கராஜ் வீட்டோடு ஒட்டியது என்பதையும் மறக்கக் கூடாது. 2017ல் கூடிய சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமையின் வல்லுநர் குழு, வெல்டிங் புகையை மனிதருக்குப் புற்றுநோய் தரும் முதல் வகையில் சேர்த்தது. குளிர் காலத்தில் கதவைச் சாத்திக்கொண்டு ஒட்டுபவர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். துத்தநாகம் பூசிய இரும்பின் புகை காய்ச்சலைத் தரும். குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் துடைத்த இரும்பைக் காயாமல் பற்றவைத்தால் ஃபாஸ்ஜீன் என்ற நச்சு வாயு உண்டாகலாம். முதல் உலகப் போரில் ஆயுதமாகப் பயன்பட்ட அதே வாயு. பக்கத்தில் பெட்ரோல் டின், அட்டைப் பெட்டி இருக்கக் கூடாது. வேலை முடிந்தபின் அரை மணி நேரமாவது அங்கேயே இருந்து பொறி எங்காவது புகைகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கதவைப் பூட்ட வேண்டும்.

முடிவாக

வேலிக் கதவு, கலப்பை, தடித்த இரும்பு மட்டும்தான் வேலை என்றால், யாரோ விற்கும் பழைய டிரான்ஸ்ஃபார்மர் மெஷின் இன்றும் போதும். கார் தகடு மட்டும் என்றால் மிக் மட்டும் உள்ள மெஷின் போதும், மிச்சப் பணத்தில் நல்ல ஹெல்மெட் வாங்கலாம். அலுமினியம்தான் குறி என்றால் ஏ.சி. இல்லாத பெட்டியைத் தொடவே வேண்டாம். இன்று கதவு, நாளை கார், மறுநாள் ஸ்டெயின்லெஸ் குழாய் என்று வேலை மாறிக்கொண்டே இருப்பவருக்கு, இடமும் குறைவு என்றால், மல்டி பிராசஸ் பெட்டி கொடுத்த காசுக்கு மோசமில்லை.

ஷெல்பெரி பூச்சைத் தேடியது கசியும் கொதிகலனுக்காக. மெரிடித் ஹீலியத்தைப் பாய்ச்சியது தீப்பிடிக்கும் மக்னீசியத்துக்காக. மில்லர் சின்ன மெஷின் செய்தது கிராமத்து மின்கம்பிக்காக. ஒவ்வொருவரும் முதலில் வேலையைப் பார்த்தார்கள், பிறகுதான் மெஷின் வந்தது. கடைக்குப் போகிறவரும் அதே வரிசையில் போனால் ஏமாற மாட்டார். அடுத்த ஓராண்டில் என்னென்ன ஒட்டப் போகிறோம் என்று ஒரு தாளில் எழுதி, பக்கத்தில் இரும்பின் தடிமனையும் குறித்துக்கொண்டு கிளம்பட்டும். எந்தப் பெட்டி என்பதை அந்தத் தாளே சொல்லிவிடும்.